விளக்கைச் சுற்றி ஒரு வானவில்

நோய் எங்கே பிறக்கிறதோ அங்கேதான் நோவும் தெரியும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பல் நொந்தாற் கன்னத்தைப் பிடிக்கிறோம். முள் தைத்தாற் காலைத் தூக்கிப் பார்க்கிறோம். ஆனால், உடம்பு எப்பொழுதும் இவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வதில்லை. இருதயத்திலே தோன்றும் இடர் இடது தோளிலும் தாடையிலும் நோவாகத் தெரிவதுண்டு. பித்தப்பையின் துன்பம் வலது தோளிற் போய் உறைவதுண்டு. இவை பலருக்குத் தெரிந்தவை. கண்ணிலே பிறந்து, வயிற்றிலே பிறந்தது போல வேடமிட்டு வரும் நோய் ஒன்றும் உண்டு. அதனைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. அதனாலேதான் இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

அந்நோய் பெரும்பாலும் மாலை மயங்கிய பின் வருகிறது. ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், அநேகமாக ஒரு பெண், தலையின் ஒரு பக்கம் பிளந்து போவது போல இடிக்கிறது என்கிறார். சற்று நேரத்தில் ஓங்காளிக்கிறார், சத்தியெடுக்கிறார். வீட்டார் பகற் சாப்பாட்டிலே குற்றங் காண்கின்றனர். ஒருவர் இஞ்சியைத் தட்டிக் கொதிக்க வைக்கிறார். மற்றொருவர் நெற்றிக்குப் பற்றுப் போடுகிறார். கண் சிவந்திருப்பதைக் கண்டாலும், சத்தியெடுத்த களைப்பினாற் சிவந்தது என்று தமக்குத் தாமே சமாதானங் கூறிக்கொள்கிறார்கள். விடியட்டும், பார்ப்போம் என்கிறார்கள். விடிகிறது. அந்தக் கண்ணுக்கு மட்டும் விடிவதில்லை.

இது குளுக்கோமா எனப்படும் கண்ணமுக்க நோயின் ஒரு வகை. குளுக்கோமாவிலே ஓசையின்றி ஆண்டுக்கணக்காகப் பார்வையைத் தின்னும் வகையும் உண்டு. ஒரே இரவிற் பாயும் வகையும் உண்டு. நான் இங்கே கூறுவது பின்னதையே. கண்ணினுள் நீர் வடியும் மூலை திடீரென அடைபட்டுப் போவதால் வருவது ஆதலின், வைத்தியர்கள் இதனைக் கோண அடைப்புக் குளுக்கோமா என்பர். இதற்கு மருந்தும் உண்டு, சத்திரசிகிச்சையும் உண்டு. இரண்டும் நல்ல பலன் தருவன. காலம் ஒன்றே குறைவு. நாட்கணக்கிலே யோசிக்க இந்நோய் இடந் தருவதில்லை. மணித்தியாலக் கணக்கிலே முடிவு செய்தாக வேண்டும்.

கண்ணுக்குள் ஒரு மதகு

நோயின் தன்மையை விளங்கிக்கொண்டால் அதன் அடையாளங்களை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. ஆதலால், கண்ணின் அமைப்பைச் சிறிது பார்ப்போம்.

கண்ணின் முன்புறத்திலே, கண்ணாடி போலத் தெளிந்த விழிவெண்படலம் உண்டு. அதற்குப் பின்னே கதிராளி என்னும் நிறமுள்ள திரை நிற்கிறது. அத்திரையின் நடுவிலுள்ள துவாரமே கண்மணி. கதிராளிக்கு நேர் பின்னே வில்லை இருக்கிறது. விழிவெண்படலத்துக்கும் கதிராளிக்கும் இடையிலுள்ள சிறிய அறையிலே தெளிந்த நீர் நிறைந்திருக்கும். அது கண்ணீரன்று, கண்ணுக்குள்ளேயே பிறந்து கண்ணுக்குள்ளேயே வடிந்து போகும் நீர். அளவில் ஏறத்தாழக் கால் மில்லிலீற்றர்தான். ஆனால் அது தேங்கி நிற்பதில்லை. கதிராளியின் பின்புறத்திலே ஊறி, வில்லைக்கும் கதிராளிக்கும் இடையால் நழுவி, கண்மணி வழியாக முன்னறைக்கு வந்து, விழிவெண்படலமும் கதிராளியும் சந்திக்கும் ஓரத்து மூலையிலுள்ள நுண்ணிய சல்லடையால் வடிந்து இரத்தத்தோடு சேர்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்குள் பழைய நீர் முழுவதும் போய்ப் புதிய நீர் வந்துவிடும்.

வன்னிக் குளங்களைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. வரத்தும் உண்டு, மதகும் உண்டு. வந்த நீரும் போன நீரும் ஒத்திருக்கும்வரை குளம் தன் மட்டத்தில் நிற்கும். கண்ணின் மட்டம் 10 தொடக்கம் 21 மில்லிமீற்றர் இரச அமுக்கம். மதகு அடைபட்டு வரத்து நிற்காதிருந்தால் என்ன ஆகும்? குளத்துக்காவது அணையின் மேலால் வழியுந் துணிவு உண்டு. கண்ணுக்கு அதுவும் இல்லை. அமுக்கம் ஏறுகிறது, ஐம்பது, அறுபது, சிலவேளை அதற்கும் மேலே.

மதகு ஏன் அடைபடுகிறது? வயது ஏற ஏற வில்லை தடித்துக்கொண்டே போகும் என்பது காரணங்களில் ஒன்று. தடித்த வில்லை கதிராளியை முன்னோக்கித் தள்ள, வடியும் மூலை ஒடுங்குகிறது. பிறவியிலேயே சிறிய கண் உடையவர்களுக்கு இந்த ஒடுக்கம் மிகுதி. இனி, மங்கிய வெளிச்சத்திலே கண்மணி பாதி விரிந்து நிற்கும்பொழுது, கதிராளி வில்லையோடு ஒட்டிக்கொள்ள ஏற்ற நிலை உண்டாகிறது. ஒட்டிக்கொண்டால் நீர் முன்னே வர வழியில்லை. அது பின்புறத்திலே தேங்கி, காற்றுப் பிடித்த பாய் போலக் கதிராளியை முன்னே உப்பச் செய்கிறது. உப்பிய கதிராளியின் ஓரம் மூலையிலுள்ள சல்லடையை மூடிவிடுகிறது. அவ்வளவுதான், கதவு அடைபட்டது.

அடைபட்டபின் நிகழ்பவை யாவும் இதன் விளைவுகளே. அமுக்கத்தால் விழிவெண்படலம் நீரேறிப் பனி படர்ந்த கண்ணாடி போலாகும்; பார்வை புகைமண்டும். அந்நீர்த் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதனாலே விளக்கைச் சுற்றி வானவில் போன்ற நிறவட்டங்கள் தோன்றும். கண் சிவக்கும். கண்மணி ஒளி பட்டாலும் சுருங்காது; பாதி விரிந்து, முட்டை வடிவாக, அசையாது நிற்கும். கண்ணின் நோவைக் கொண்டு செல்லும் ஐந்தாங் கபால நரம்பு நெற்றிக்கும் கன்னத்துக்கும் உரியதாதலால் பாதித் தலையும் இடிக்கும். அந்நரம்பு கொண்டு வருஞ் செய்தி மூளையின் அடித்தண்டிலே, வயிற்றை ஆளும் நரம்பின் நிலையத்தையுங் கலக்குவதால், குமட்டலும் சத்தியும் உண்டாகும். இவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவே, கண்ணின் பின்புறத்திலே பார்வை நரம்பு நெரிபட்டு, இரத்தம் போதாமல் வாடிக்கொண்டிருக்கும். அந்நரம்பு ஒருமுறை பட்டுப்போனால் திரும்பத் தளிர்ப்பதில்லை.

ஒரு விளக்கின் கதை

இது ஏட்டுக் கல்வியாக மட்டும் எனக்கு வந்ததன்று. வடமராட்சியிலே எங்கள் பெரியம்மா ஒருவர் இருந்தார். 1993ஆம் ஆண்டு அவருக்கு அறுபது வயது நடந்தது. குடாநாட்டிலே மின்சாரம் அற்றுப்போயிருந்த காலம்; மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளாயிருந்தது. ஜாம் போத்தலுக்குட் பஞ்சை வைத்து, சிறிது எண்ணெய் ஊற்றி, மெல்லிய திரியிட்டு ஏற்றும் விளக்கே வீட்டுக்கெல்லாம் ஒளி. அந்த ஒளியிலேதான் நாங்கள் படித்தோம். அந்த ஒளியிலேதான் அவர் அரிசியிற் கல் பொறுக்கினார்.

ஒரு நாள் மாலை அவர் என்னைக் கூப்பிட்டு, “மோனை, விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி நிக்குது, உனக்குந் தெரியுதோ?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டில் எல்லாரும் எண்ணெய்ப் புகை கண்ணிற் பட்டிருக்கும் என்றார்கள். படுத்து எழுந்ததும் அது மறைந்துவிட்டது. சில கிழமைகளின் பின் மறுபடியும் வந்தது, மறுபடியும் மறைந்தது. நித்திரையிலே கண்மணி சுருங்குவதனால் ஒட்டிய கதிராளி விடுபட்டுப் போவதுண்டு என்பதும், அந்த வானவில் வரப்போகும் பெருந்துன்பத்தின் முன்னறிவிப்பு என்பதும் எங்கள் ஊரில் யாருக்குந் தெரிந்திருக்கவில்லை.

மார்கழி மாதத்து இரவொன்றில் அது மறையவில்லை. தலையிடியும் சத்தியுமாக அவர் சுருண்டு கிடந்தார். மறுநாட் காலை, அயலிலிருந்த ஒரு மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றுக்கு ஊசி போட்டார்கள்; குளிகை கொடுத்தார்கள். சத்தி சற்றுத் தணிந்தது. மூன்றாம் நாள் முகங் கழுவும்பொழுது இடது கண்ணிற் சவர்க்காரம் பட்டு அதனை மூடியவர், வலது கண்ணினால் வாளியைத் தேடிக் கையால் துழாவினார். அப்பொழுதுதான் வலது கண் இருண்டுபோயிற்று என்பது அவருக்கே தெரிந்தது.

கண் வைத்தியரிடம் சென்று சேர மேலும் இரண்டு நாட்களாயின. அந்த வைத்தியர் சிறிய கைவிளக்கு ஒன்றை அவருடைய காதோரத்திலே பிடித்து, ஒளியைக் கண்ணின் குறுக்கே விழச் செய்து பார்த்தார். கதிராளி தட்டையாக இருந்தால் அந்த ஒளி மூக்குப் பக்கம் வரை பரவும். உப்பியிருந்தால் அப்பக்கத்திலே நிழல் விழும். நல்ல கண்ணிலும் அந்த நிழல் விழுந்தது. “போன கண்ணைத் தர என்னால் முடியாது, இருக்கிற கண்ணைப் போகாமற் காக்கலாம்” என்று சொல்லி, கத்தியினாலே இடது கதிராளியின் ஓரத்தில் ஒரு சிறு துவாரம் இட்டார். அந்தக் கண் பின்னர் ஒருநாளேனும் அவருக்குத் துன்பந் தரவில்லை. அதன்பின் பதினாறு ஆண்டுகள், அந்த ஒற்றைக் கண்ணோடு அரிசியிற் கல் பொறுக்கினார். தேவாரப் புத்தகம் வாசித்தார். பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்தார்.

மருந்தகத்தாரைக் குறை கூற நான் இதனை எழுதவில்லை. சத்தியென்று வந்தவருக்குச் சத்திக்கு மருந்து கொடுத்தார்கள். வசதிகள் நிறைந்த தேசங்களிலும் இந்நோயை ஒற்றைத் தலையிடி என்றும் வயிற்றுக் கோளாறு என்றும் மயங்குவது உண்டு என்று வைத்திய நூல்களே எச்சரிக்கின்றன. வந்தவரோ, கூட வந்தவரோ, “கண்ணும் சிவந்திருக்கிறது, பார்வையும் மங்கியிருக்கிறது, விளக்கைச் சுற்றி வட்டந் தெரிந்தது” என்று ஒரு வார்த்தை கூறியிருந்தால் வழியே மாறியிருக்கும். நோயாளி தன் நோவை மட்டுமே கூறுவார். அருகில் இருப்பவர்தான் கண்ணைப் பார்த்துக் கூறவேண்டும். ஒரே உடம்பிலே, ஒரே நோய்க்கு இரையாக இருந்த இரண்டு கண்களில் ஒன்று போனதற்கும் மற்றையது நின்றதற்கும் வேற்றுமை அறிவு ஒன்றே.

பேர்லினிலிருந்து வந்த துவாரம்

பெரியம்மாவின் இடது கண்ணைக் காத்த அச்சிறு துவாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, இந்நோய் வந்தாற் கண் போனது போனதுதான். வைத்தியர்கள் அட்டை விட்டு இரத்தத்தை உறிஞ்சச் செய்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். 1851ஆம் ஆண்டு ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள்ளே பார்க்கும் கருவியை உலகுக்கு வெளியிட்டார். அக்கருவியை ஆவலோடு கையிலெடுத்தவர்களுள் ஒருவர் பேர்லின் நகரத்து இளம் வைத்தியர் அல்பிரெக்ட் பொன் கிராபே. வேறு கண்ணோய்களுக்காகக் கதிராளியின் ஒரு துண்டை வெட்டியெடுத்தபொழுது கண்ணின் இறுக்கம் தளர்வதை அவர் அவதானித்தார். அப்படியாயின் இறுகிக் கல்லாகும் குளுக்கோமாக் கண்ணுக்கும் இதனைச் செய்து பார்த்தால் என்ன என்று துணிந்தார். 1857ஆம் ஆண்டு அதன் வெற்றியை அறிவித்தார். குருடாவதே விதியென்றிருந்த நோய்க்கு முதன்முதலாக ஒரு மாற்று உண்டாயிற்று. அவர் 1870இல், தமது 42ஆவது வயதிலே காலமானார்.

வியப்பு என்னவெனில், அந்தச் சிகிச்சை ஏன் பலிக்கிறது என்பது அவருக்கே தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. கண்மணியிலே வழி அடைபட்டு நீர் பின்னே தேங்குவதே காரணம் என்பதை 1920இல் அமெரிக்க வைத்தியர் கரன் எடுத்துரைத்தார். ஓரத்திலே ஒரு சிறு துவாரம் இட்டாற் போதும், நீர் குறுக்கு வழியால் முன்னறைக்கு வந்துவிடும் என்பது அவர் கொள்கை. 1938இல் பார்க்கன் என்பவர், மூலையை நேரிற் காட்டும் ஆடியினாற் பார்த்து, மூலை அடைபட்ட குளுக்கோமா வேறு, மூலை திறந்திருக்கும் குளுக்கோமா வேறு என்று பிரித்துக் காட்டினார்.

மருந்தின் கதை இதனினும் விந்தையானது. மேற்கு ஆபிரிக்காவின் கலபார் நாட்டிலே, குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு ஒரு கொடிய அவரை விதையை உண்ணக் கொடுப்பார்கள். பிழைத்தால் நிரபராதி, இறந்தாற் குற்றவாளி. அந்த விதை எடின்பரோ நகரத்துக்கு வந்தது. 1855இல் பேராசிரியர் கிறிஸ்டிசன் அதனைத் தாமே தின்று பார்த்து, மரணத்தின் வாசலைக் கண்டு மீண்டார். 1863இல் ஆர்கைல் றொபேட்சன் அதன் சாற்றைக் கண்ணில் இட்டாற் கண்மணி ஊசித்துவாரமாகச் சுருங்குவதைக் காட்டினார். 1876இல், தாமே குளுக்கோமாவினால் வருந்திய கண் வைத்தியர் லகோர் அந்தச் சாற்றை இந்நோய்க்கு மருந்தாக்கினார். சுருங்கிய கண்மணி கதிராளியை இழுத்து மூலையைத் திறந்துவிடும் என்பதே அதன் பயன். அடுத்த ஆண்டில், பிறேசில் நாட்டு இலையொன்றின் சத்தாகிய பைலோகார்ப்பீன் அதே பயனுக்கு வந்தது. பைலோகார்ப்பீன் இன்றும் கண் வைத்தியர்களின் கையில் இருக்கிறது.

இக்காலச் சிகிச்சை

இன்று நோயாளி நேரத்தோடு வைத்தியசாலையை அடைந்தாற் செய்யப்படுபவை இவை. முதலில் அமுக்கத்தை அளப்பார்கள். நீர் ஊறுவதைக் குறைக்க அசற்றசோலமைட் என்னும் மருந்தைக் குளிகையாகவோ ஊசியாகவோ கொடுப்பார்கள். 1954இலிருந்து குளுக்கோமாவுக்குப் பயன்பட்டு வரும் மருந்து அது. டிமோலோல் போன்ற துளிமருந்துகளையும் கண்ணில் விடுவார்கள். இவற்றுக்கு மசியாத அமுக்கத்தைக் குறைக்க மனிற்றோல் என்னும் திரவத்தை நாளத்தினால் ஏற்றுவதுண்டு. அமுக்கம் சற்றுத் தணிந்தபின் பைலோகார்ப்பீன் துளியினாற் கண்மணியைச் சுருக்குவார்கள். நோவுக்கும் சத்திக்கும் மருந்து உண்டு. நோயாளிக்கு ஆஸ்துமா, இருதய நோய், சிறுநீரக நோய், மருந்து ஒவ்வாமை முதலியன இருந்தால் அவற்றைத் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். மேற்கூறிய மருந்துகளிற் சில அவர்களுக்கு ஆகா.

இவையெல்லாம் தீயை அணைக்கும் வேலை. மறுபடி பற்றாதிருக்கச் செய்வது கதிராளித் துவாரமே. கிராபே கத்தியினாற் செய்ததை இன்று லேசர் ஒளிக்கற்றையாற் செய்கிறார்கள். கண்ணை மரக்கச் செய்யும் துளிமருந்து விட்டு, நோயாளியை இருத்தி வைத்தே சில நிமிடங்களில் முடித்துவிடலாம். அன்றே வீடு செல்லலாம். நோய் வராத மற்றைக் கண்ணுக்கும் இதனைச் செய்துகொள்ளுதல் இன்றியமையாதது. செய்யாது விட்டால், ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்தக் கண்ணிலும் இது பாயும். தடித்த வில்லையே மூலகாரணமாதலால், அதனை அகற்றிச் செயற்கை வில்லை வைத்தலும் சிறந்த சிகிச்சையாகும். 2016ஆம் ஆண்டு லான்செட் என்னும் வைத்திய ஏட்டிலே வெளிவந்த ஓர் ஆய்வு, ஐம்பது வயதைக் கடந்த, மூலை அடைபட்டு அமுக்கம் ஏறிய நோயாளருக்கு, கண்புரை இல்லாதபோதும் வில்லையை அகற்றுதல் லேசர்த் துவாரத்திலும் மிகுந்த பயன் தருவதைக் காட்டியது. எவருக்கு எது பொருந்தும் என்பதைக் கண் வைத்தியரே கூறவேண்டும்.

யாருக்கு வரும்? எப்பொழுது வரும்?

ஐம்பதைக் கடந்தவர்களுக்கு வரும். ஆண்களிலும் பெண்களுக்கு மிகுதி. தூரத்தைப் பார்ப்பதற்கே குவிவுக் கண்ணாடி வேண்டியவர்களின் கண் பெரும்பாலும் சிறியது; அவர்களுக்கு ஆபத்து அதிகம். தாய்க்கோ சகோதரிக்கோ வந்திருந்தால் நமக்கும் வரலாம். ஐரோப்பியரைக் காட்டிலும் ஆசிய மக்களிடையே இவ்வகை கூடுதலாகக் காணப்படுகிறது என்பதையும் நாம் நினைவில் வைக்கவேண்டும். முற்றி உப்பிய கண்புரையும் இதனைக் கொண்டுவரும்; ‘புரை இன்னும் முற்றட்டும்’ என்று ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் பழைய வழக்கம் கைவிடத்தக்கது.

மாலை மங்கல், மின்வெட்டு, இருண்ட படமாளிகை, மனப் பதற்றம் ஆகியவை கண்மணியை விரிப்பன. சில மருந்துகளும் அவ்வாறு செய்யும். தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் உட்கொள்ளும் சில குளிகைகள், வயிற்றுப் பிடிப்புக்கும் சிறுநீர்ப்பைக் கோளாற்றுக்கும் கொடுக்கும் சில மருந்துகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், மூச்சிழுப்புக்குப் புகையாகக் கொடுக்கும் சில மருந்துகள் என்பன இவ்வினத்தன. ஒடுங்கிய மூலை உடையவர்களுக்கே இவற்றால் ஆபத்து. ஆதலால், எல்லாரும் இவற்றை அஞ்சி விலக்க வேண்டியதில்லை. வைத்தியர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தவுங் கூடாது. மூலை ஒடுங்கியுள்ளது என்று ஒருவருக்குக் கூறப்பட்டிருந்தால், அவர் மருந்து வாங்கும் இடமெல்லாம் அதனைக் கூறிக்கொள்ள வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கன

முதியவர் ஒருவர் தலையிடியும் சத்தியும் என்று கூறினால், விளக்கை அருகே கொண்டுவந்து இரு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கண் மட்டும் சிவந்திருக்கிறதா? அதன் கண்மணி மற்றையதிலும் பெரிதாக இருக்கிறதா? கருவிழி மங்கி மினுக்கமற்று இருக்கிறதா? பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூடச் செய்து, உங்கள் விரல்களை எண்ணும்படி கேளுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கையில் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். பெரியம்மாவுக்கு நேர்ந்தது அதுவே.

ஐயம் எழுந்தால் விடியும்வரை பொறுக்க வேண்டாம். கண் வைத்தியர் உள்ள அரசாங்க வைத்தியசாலைக்கு அப்பொழுதே செல்லுங்கள். கொழும்பிலே தேசிய கண் வைத்தியசாலை உண்டு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் கண் பிரிவு உண்டு. வாகனம் இல்லாதவர்கள் 1990 என்னும் இலக்கத்தில் சுவ செரிய இலவச நோயாளர் வண்டியை அழைக்கலாம். வழியிலே நோயாளியை மல்லாந்து படுக்க வையுங்கள். வில்லை சிறிது பின்னே சரிய அது உதவும். கண்ணைத் துணியாற் கட்டாதீர்கள். இருளிற் கண்மணி மேலும் விரியும். வீட்டிற் கிடந்த பழைய துளிமருந்தையோ, முலைப்பாலையோ, இலைச்சாற்றையோ விடாதீர்கள். கண்ணை அழுத்திப் பார்க்காதீர்கள். நோவு தணிந்துவிட்டது என்று பாதி வழியிலே திரும்பாதீர்கள்.

திடீரென வரும் வேறு கண்ணாபத்துகளும் உண்டு. நோவே இல்லாமல் ஒரு கண் சடுதியாக இருண்டால், அது விழித்திரைக்கு இரத்தங் கொண்டு செல்லும் நாடி அடைபட்டதாக இருக்கலாம். பாரிசவாதத்துக்கு ஓடுவது போல அதற்கும் ஓடவேண்டும். மின்னல் வெட்டுவது போல ஒளியும், கரும்புள்ளிகள் மழையாகவும், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போலவும் தோன்றினால் விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம். புதிதாக வந்த தலையிடியோடு, தலை வாரும்பொழுது தோல் நொந்து, மெல்லும்பொழுது தாடை வலித்துப் பார்வையும் மங்கினால் நெற்றிப்பொட்டு நாடியின் அழற்சியாக இருக்கலாம். இவையும் அன்றன்றே பார்க்கப்பட வேண்டியவை. பீளை தள்ளி, உறுத்தி, பார்வை கெடாமல் ஊரெங்கும் பரவும் சாதாரண கண்நோயோடு இவற்றை ஒன்றாக எண்ணலாகாது.

மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியும் அவன் வீட்டாரும் விளங்கிக்கொள்ளும் மொழியிலே வைத்தியம் பேசவேண்டும் என்னும் அந்நோக்கம் இன்னும் முற்றுப்பெறவில்லை. நம் மூதாட்டிகளின் நாவில் நீரிழிவும் இரத்த அமுக்கமும் பழகிய சொற்களாகிவிட்டன. கண்ணமுக்கமும் அவ்வாறு பழகிய சொல்லாக வேண்டும்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது நம்மவர் பழமொழி. கெடுமுன் செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. நாற்பதைக் கடந்தவர்கள், கண்ணாடிக்காகப் போகும்பொழுதே, அமுக்கத்தையும் மூலையையும் பார்க்கும்படி கண் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளலாம். ஒடுங்கிய மூலை உடைய எல்லோருக்கும் துவாரம் வேண்டும் என்பதில்லை; யாருக்கு வேண்டும் என்று அவர் கூறுவார். இன்னொன்றை நீங்கள் இன்றிரவே செய்யலாம். வீட்டிலே விளக்கு ஏற்றியபின், தாயாரிடமோ ஆச்சியிடமோ, விளக்கைச் சுற்றி நிறவட்டம் ஏதேனும் எப்போதாவது தெரிந்ததுண்டா என்று ஒரு சொல் கேளுங்கள். ‘ஓம், இடைக்கிடை தெரியும், படுத்தெழும்பினாற் போய்விடும்’ என்று பதில் வந்தால், நாளைக் காலையிலே அவரைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.